ரொட்டியில் உப்பு

சுகாதாரத் துறையில் வேலை பார்த்த அவள்தான், ரொட்டியில் உப்பைக் குறைக்க வேண்டும் என்ற புதிய விதியை எழுதியவள். அந்த விதியில் முதலில் மாட்டிக்கொண்டவர் தெருமுனையில் பேக்கரி வைத்திருந்த அவள் கணவர்.

"வீட்டுச் சட்டம் பத்தாதுன்னு நாட்டுச் சட்டமும் நீதான் போடுவியா?" என்று அவர் சிரித்தார். அவளுக்கோ சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வீடு ரத்தக் கொதிப்பு இருக்கும்போது விதி சரிதான். ஆனால் ருசி கெட்டால் கடை படுத்துவிடுமே!

விதி அமலுக்கு வந்த அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் கடையில் போய் நின்றாள். முதலில் வந்தவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் மனிதர். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா, என் வாயையே பாக்குற? எப்பவும் போலத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு குடு."

அவர் போனதும் அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "உப்பைக் குறைக்கவே இல்லையா நீங்க? என் மானமே போயிடும்!"

"குறைச்சாச்சு. நீ அதை எழுத உக்காந்தப்பவே கொஞ்சம் கொஞ்சமா குறைக்க ஆரம்பிச்சுட்டேன். யாருக்கும் தெரியல. நீயும்தானே தினமும் சாப்பிட்ட?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே சப்புன்னு இருக்குன்னு சொல்லியிருப்ப."

மாவு அப்பியிருந்த அவர் கன்னத்தை அவள் ஆசையாகத் துடைத்துவிட்டாள்.

"சரி, அடுத்தது சர்க்கரை," என்றாள்.

"அடிப்பாவி!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.