உலர் அறையில் தொங்கிய மழைக்கோட்டு

சோளமாவிலிருந்து செய்கிற பிளாஸ்டிக் குருணைக்கு ஒரு கெட்ட குணம், தண்ணீர் என்றால் ஆகவே ஆகாது. ஈரத்தோடு உருக்கினால் கஞ்சியாக நீர்த்துப்போகும். காற்றுக்குமிழைப் பிடித்து வைக்கத் தெம்பிருக்காது. பொங்கி வர வேண்டிய நுரைத்தட்டு பொசுக்கென்று அமுங்கிவிடும். மண்ணில் மட்கும் நுரைத்தட்டு செய்துகாட்டுகிறேன் என்று மார்தட்டிய ஆராய்ச்சிக்காரிக்கு, நாளுக்கு ஒன்றாகச் செய்த எட்டுச் சோதனையில் ஆறு இப்படித்தான் ஊற்றிக்கொண்டன.

பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. மெஷின் ஓட்டுகிறவரின் தலை பக்கத்தில் இருந்தது. வாயே திறக்காத ஆள் என்பதால் அவருக்கு சைலன்ஸர் என்று பட்டப்பெயர். ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கொடுத்தாள். இன்று மதியத்தோடு அவருக்கு வேலை இல்லை என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். அவளுக்கு அதில் பெரிய உறுத்தல் ஒன்றுமில்லை. காலையில் நன்றாகவே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

மழை விட்டபாடில்லை. வழக்கம்போல மழைக்கோட்டைக் கழற்றி, குருணை காய்கிற உலர் அறையில் மாட்டினாள். அங்கே கதகதப்பு அதிகம், சீக்கிரம் காய்ந்துவிடும். கையுறையை மறந்து திரும்பி வந்தபோது, சைலன்ஸர் அந்தக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“என் கோட்ட எதுக்கு எடுக்கறீங்க?”

“ஈரம் மேடம். குருண டிரேல தெறந்து கெடக்கு. கோட்டுத் தண்ணியெல்லாம் அது குடிச்சிரும்.”

“இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொன்னேன். ‘உங்க வேலையப் பாருங்க’ன்னீங்க. நானே எடுத்து வெளிய மாட்டுவேன். நீங்க பாத்துட்டுத் திரும்ப உள்ள மாட்டிருவீங்க. ரெண்டு நாள்தான் நீங்க பாக்கல.”

இரண்டு நாள். பொங்கி வந்த தட்டுகளும் இரண்டு. அந்த இரண்டுக்கும் தன் புதுக் கலவைதான் காரணம் என்று அவள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவ்வளவு வெட்கம்.

கோட்டைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினாள். வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட மேனேஜர் பேனாவைத் திறந்திருந்தார். அதன் மேலேயே கோட்டைப் போட்டாள். மேஜையெல்லாம் தண்ணீர்.

“என்னம்மா இது?”

“ஆறு தட்டு அமுங்குச்சே சார், அதுக்கு இதான் காரணம். என்னோட கோட்டு.”

“அறிக்கைல அவர் பேருதான இருக்கு?”

“நான் தப்பா எழுதிட்டேன். அவரு சரியாத்தான் சொன்னாரு, நான்தான் கேக்கல.”

கீழே மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. ஒன்பதாவது தட்டு. இன்று அது பொங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மேனேஜர் நனைந்த கடிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். பேனாவை மூடவில்லை. இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, அதில் அவள் பெயரை எழுதினார்.