கால் சுற்று அதிகம்

வண்டியை விட்டு இறங்கியதும் முட்டைக்காரர் சொன்ன முதல் வார்த்தையே சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

"என் முட்டை நாறல மேஸ்திரி. வண்டிதான் நாறுது. மூணு கடையில திருப்பி அனுப்பிட்டாங்க."

ஒரு கடைக்காரரின் எதிரிலேயே இவர் முட்டையை உடைத்து மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினாராம். அப்படியும் கடைக்காரர் நம்பவில்லையாம். வண்டி வந்து நின்றாலே குப்பென்று அடிக்கிறது, அப்புறம் உடைத்துக் காட்டி என்ன பயன் என்று கேட்டாராம். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, பட்டறையில் போன் எடுக்கும் மேஜையிலிருந்து எழுந்து போன அந்தப் பெண் அட்டையை விரித்து பிக்கப்பின் அடியில் படுத்தாள். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்கும் இரும்புக்கூட்டில், முன்னாலிருந்து வரும் நீளத் தண்டு சேருகிற இடம் முழுக்கக் கறுத்து நனைந்திருந்தது. விரலில் தொட்டு மோந்தாள்.

"இந்தக் கூட்டுக்குள்ள இருக்கற கிரவுன் ஆயில். கந்தகம் கலந்தது. அழுகின முட்டை வாசனைதான் அடிக்கும். ஆயிலத் தடுக்கற ரப்பர் சீல் போயிருக்கு."

"உலகத்துல இத்தனை வண்டி ஓடுது. எனக்குன்னு பாத்து முட்டை நாத்தம் அடிக்கணுமா?" என்றார் முட்டைக்காரர்.

"மோந்து பாத்தே சொல்லிட்டாங்க எங்க இன்ஜினியர்," என்றார் மேஸ்திரி. "அப்ப அவங்களே மாத்திடட்டும்."

அது வேடிக்கைக்குச் சொன்னது. அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடியிலிருந்து வெளியே வந்து, "சரி மாமா, நானே மாத்தறேன்," என்றாள்.

மேஸ்திரி அவள் அக்காவின் கணவர். குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் அவள்தான். அதுவும் இயந்திரப் பொறியியல். படித்து முடித்து எட்டு மாதம் வேலை தேடி, கிடைக்காமல், அக்கா வீட்டில் தங்கி மாமாவின் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டி வைத்ததும் அவர்தான். யாராவது அண்ணாந்து பார்த்தால், "எங்க வீட்டுப் பொண்ணு," என்பார். உண்மையான பெருமைதான், பொய்யில்லை. அதற்குக் கீழே உட்கார்ந்து அவள் போன் எடுப்பாள், உதிரிபாகக் கடைக்குப் போய் வருவாள். சட்டம் போட்டு மாட்டியது காகிதத்தை மட்டுமில்லை என்று அவளுக்குத் தோன்றும். கல்லூரியில் இதே கிரவுனைப் பாதியாக அறுத்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சாயம் பூசி, கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். அலமாரிச் சாவி தொலைந்து பல வருடம். நாலு வருடமும் அதைக் கண்ணால் பார்த்துப் படம் வரைந்து மார்க் வாங்கினாள். இங்கே வந்தால் சாவி வேண்டியதில்லை, தரையெல்லாம் கிடக்கிறது, ஆனால் தொடக் கூடாது. கையில் அடிபட்டால் உன் அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்பார் மாமா.

முட்டைக்காரர் நிற்கிறார் என்பதால் மாமாவால் பின்வாங்க முடியவில்லை. "சரி. இது ஒழுகாம நின்னா நாளையிலேருந்து நீ வண்டிக்குக் கீழ வேலை பாரு. ஏதாவது கோளாறு ஆச்சுன்னா மேஜைதான். அதுக்கப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியக் கூடாது."

"ஆகாது."

"நாலு மணிக்கு எனக்கு லோடு இருக்கு," என்றார் முட்டைக்காரர், இருவரையும் மாறி மாறிப் பார்த்து.

பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, நீளத் தண்டின் நாலு போல்ட்டையும் கழற்றி அதைக் கம்பியால் ஓரமாகக் கட்டினாள். அதற்குப் பின்னால் தட்டு மாதிரி இருக்கும் பிளாஞ்சு. அதன் நடுவில் ஒற்றைப் பெரிய நட்டு. கழற்றுவதற்கு முன் நட்டிலும், அது ஏறியிருந்த, கூட்டுக்குள்ளிருந்து வரும் குட்டைத் தண்டின் முனையிலும், பிளாஞ்சிலும் ஒரே கோட்டில் மூன்று புள்ளி குத்தினாள். வெளியே தெரிந்த திருகு மரைகளை இரண்டு தடவை எண்ணினாள். பிளாஞ்சைச் சுற்றி நூல் கட்டி, பெட்டி தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசை அதில் மாட்டி மெதுவாக இழுத்தாள். ஒன்றரைக் கிலோவில் அது சுற்ற ஆரம்பித்தது.

குனிந்து பார்த்த மாமா, "முட்டைய நிறுக்கறதுக்கு பதிலா வண்டிய நிறுக்கறியா?" என்றார்.

அந்தக் கூட்டுக்குள் இரண்டு பேரிங்குக்கு நடுவில் மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது, ஸ்பேசர். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும். அளவாக நசுங்கினால் பேரிங் நிம்மதியாகச் சுற்றும். அளவு மீறினால் பேரிங்கின் கழுத்தை நெரித்த மாதிரி. நசுங்கியது பிறகு நிமிராது. அதனால்தான் கழற்றிய நட்டு பழைய கோட்டுக்கே வந்து நிற்க வேண்டும், மிஞ்சினால் மயிரிழை கூடலாம். இதையெல்லாம் அப்போதே மாமாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி பார்த்துவிடாமல் கையால் விடைத்தாளை மறைக்கிற சுகம் அவளுக்குள் எழுந்தது. பட்டறைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று பட்டது.

நட்டைக் கழற்றி, பிளாஞ்சை உருவி, பழைய சீலை நெம்பி எடுத்தாள். அதன் ரப்பர் உதடு காய்ந்த தோல் போல் விறைத்து ஓரத்தில் கிழிந்திருந்தது. புதியதற்கு கிரீஸ் தடவி, கோணாமல் சுற்றிச் சுற்றித் தட்டி உட்கார வைத்தாள். பிளாஞ்சை ஏற்றி, நட்டை ராட்செட் ஸ்பானரால் கோட்டுக்கு ஒரு விரல் முன்னால் வரை கொண்டுவந்து நிறுத்தினாள். மீதியை நீளக் கம்பி போட்டுக் கையால் பார்த்துக்கொள்ளலாம். கம்பியும் ஆயில் டப்பாவும் உள்ளறையில் இருந்தன. எடுக்கப் போனாள்.

உள்ளே இருக்கும்போது, காற்றழுத்தத்தில் நட்டு இறுக்கும் ஏர் கன்னின் சத்தம் கேட்டது. மூன்று விநாடி இருக்கும்.

ஓடி வந்தபோது மாமா அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முட்டைக்காரர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்லியிருப்பார். "முடிச்சு விட்டுட்டேன். இனிமே ஜென்மத்துக்கும் ஒழுகாது."

அவள் படுத்துப் பார்த்தாள். நட்டிலிருந்த புள்ளி மற்ற இரண்டையும் கடந்து முழுதாகக் கால் சுற்று போயிருந்தது. தராசை மாட்டி இழுத்தாள். முள் நாலைத் தாண்டியும் பிளாஞ்சு அசையவில்லை. ஐந்துக்கு மேல் முனகிக்கொண்டு திரும்பியது.

"மாமா, ஓவரா இறுகிடுச்சு."

"இறுகினா நல்லதுதான? நட்டு அழற வரைக்கும் இறுக்கணும். இருபது வருஷமா லாரியில அப்படித்தான் பண்றேன்."

"லாரியில உள்ள இருக்கறது கெட்டி ஸ்பேசர். நசுங்காது. இதுல நசுங்கும். நசுங்கிடுச்சு."

"அப்ப சீலு ஒழுகுமா?"

"ஒழுகாது."

"பின்ன என்ன?" குரலைத் தாழ்த்தினார். "ஒழுகாம நின்னா கீழ வேலைன்னு சொன்னேன். நின்னுடுச்சு. நாளைக்கு வா. இப்ப அந்த ஷாஃப்ட மாட்டு."

நாலு போல்ட்டு. பத்து நிமிட வேலை. வண்டி போய்விடும், முட்டை நாறாது. மூவாயிரமோ நாலாயிரமோ கிலோமீட்டர் கழித்துக் கூடு சூடேறி, பேரிங் அரைபட்டு, எங்காவது சாலை நடுவில் நிற்கும்போது அதற்கும் இன்றைய நாலு போல்ட்டுக்கும் யாரும் முடிச்சுப் போடப் போவதில்லை. நாளை முதல் அவள் தரையில் இருப்பாள். சொன்னால், பதினைந்து வருட வாடிக்கைக்காரர் முன்னால் மாமாவின் மானம் போகும். சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். அக்கா தட்டு வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். அவளுக்குக் கோபம் வந்தது. இறுக்கியது யாரோ, வாயைத் திறந்து கெட்ட பெயர் வாங்க வேண்டியது மட்டும் அவள். அந்தக் கோபத்தின் அடியில் இன்னொன்றும் உறுத்தியது. புள்ளி எதற்கென்று சொல்லியிருந்தால் அவர் ஏர் கன்னைத் தொட்டிருக்க மாட்டார்.

எழுந்து முட்டைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, இன்னைக்கு வண்டி எடுக்காதீங்க."

"ஏம்மா?"

"நட்டு அளவுக்கு மேல இறுகிடுச்சு. இப்ப ஓடும். கொஞ்ச நாள்ல உள்ள பேரிங் போயிடும். மறுபடி பிரிச்சு ஸ்பேசர் புதுசு போடணும். இப்ப போட்ட சீலும் வீண்தான், இன்னொண்ணு வேணும்."

"யாரு இறுக்கினது?"

பட்டறையில் கம்ப்ரஸர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மாமா துணியை விரல் விரலாகச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த விரலையே திரும்பத் துடைத்தார்.

"மாமாதான் இறுக்கினாரு," என்றாள். "எங்க நிறுத்தணும்னு நான் குறி போட்டிருந்தேன். எதுக்குன்னு அவருகிட்ட சொல்லல. அது என் தப்பு."

முட்டைக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேஸ்திரி. எடுக்கலாமா, கூடாதா? உங்க வார்த்தைதான் எனக்கு."

மாமா கம்ப்ரஸரை அணைத்தார். திடீரென்று தெருச்சத்தமெல்லாம் உள்ளே வந்தது. அட்டையைக் காலால் இழுத்துப் போட்டு, மல்லாந்து, தோளால் உந்தி உந்தி வண்டிக்கு அடியில் போனார்.

முட்டைக்காரர் போனை எடுத்து யாரிடமோ, "நாலு மணி லோடுக்கு உன் வண்டி வருமா?" என்று கேட்டபடி வாசலுக்கு நடந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அடியில் பிளாஞ்சு முனகித் திரும்பும் சத்தம். நின்றது. மறுபடி முனகியது. வெளியே தெரிந்தவை அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும்தான். ஒவ்வொரு தடவை உள்ளே கை திருப்பும்போதும் அவற்றின் கட்டை விரல்கள் உள்ளே மடங்கின, நிமிர்ந்தன, மறுபடி மடங்கின. பிறகு சத்தம் நின்றது. பாதங்கள் பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கிடந்தன. "இறுகித்தான் போச்சு. கம்பிய எடுத்துட்டு வா, பிரிப்போம்," என்று அடியிலிருந்து குரல் வந்தது.