நேரலை இல்லாத வீடு

கடிதத்தில் எங்கள் பெயர் இல்லை. "இந்த வீட்டில் சட்டப்படி குடியிருப்பவருக்கு" என்று மட்டும் இருந்தது. ஏப்ரலிலிருந்து இது மூன்றாவது. இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் தேவையில்லை என்று நீங்கள் தெரிவித்திருக்கிறீர்கள், அதை உறுதிசெய்ய எங்கள் அலுவலர் நேரில் வரக்கூடும் என்று எழுதியிருந்தார்கள்.

டிவி பார்க்க வருடா வருடம் பணம் கட்டி எடுக்க வேண்டிய அந்த லைசென்ஸ் அம்மா பெயரில் இருந்தது. மார்ச்சில் அம்மா இறந்த பிறகு வங்கி, நூலகம், மூக்குக்கண்ணாடிக் கடை என்று ஒவ்வொரு இடமாகத் தெரிவித்தபோது லைசென்ஸ் அலுவலகத்துக்கும் தெரிவித்தேன். என் பெயருக்கு மாற்றட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன்.

"எதுக்கு? நான் என்னத்தைப் பாக்கறேன்? அவளோடதை மட்டும்தானே பாக்கறேன்."

அவளோடது என்று அவர் சொன்னது டிவிக்குக் கீழே இருந்த பதிவுப் பெட்டியை. அதில் அம்மா 'முதல் பரிசு' என்ற நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்திருந்தாள். வாரம் ஒரு கிராமத்தில், வீட்டில் விளைந்ததற்கும் செய்ததற்கும் நடக்கும் போட்டி. வெங்காயம், பீட்ரூட், ராஸ்பெர்ரி ஜாம், கேக். கடைசி ஐந்து நிமிடத்தில் நடுவர் வந்து, ஜெயித்த தட்டின் அருகில் ஒரு சிவப்பு அட்டையை வைப்பார். அம்மா அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை. கடைசி ஏழு வாரங்களில் இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நிகழ்ச்சியைப் போடுவாள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கண் சொருகும். நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டுத் தூங்கிவிடுவாள். மறுநாள் மிச்சத்தைப் பார்க்கமாட்டாள். வேறொன்றை ஆரம்பிப்பாள். அப்படி முப்பத்துநான்கு இருந்தன. பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பட்டை. அவள் பார்த்த வரை நீலம், மிச்சம் சாம்பல்.

அப்பா அப்போது மாலை ஷிப்ட். ஹல் நகரில் இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம் அது கிடைத்தது.

அதிலிருந்து தினமும் மாலை ஆறரைக்கு, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றைப் பார்ப்பார். முதலிலிருந்து அல்ல. அம்மா நிறுத்திய இடத்திலிருந்து.

"பாதியிலேர்ந்து பாத்தா என்னப்பா புரியும்?"

"எது ஜெயிச்சுதுன்னு புரியுதே. அவளுக்கு அது தெரியாமப் போச்சுல்ல?"

 ஒரு நாளைக்கு ஒன்று. விடுமுறை நாட்களில் பார்க்கமாட்டார். மே நடுவில் இருபத்துமூன்று முடிந்திருந்தன. பதினொன்று மிச்சம்.

சட்டத்தை நான் மூன்று முறை படித்தேன். நேரலையாக எதைப் பார்த்தாலும், நேரலையைப் பதிவு செய்தாலும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்த காலத்தில் பதிந்து வைத்ததைப் பார்க்க வேண்டாம். ரேடியோவுக்கும் வேண்டாம். ஆண்டெனா கேபிளைக் கழற்றிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்தேன். ரக்பி ஆட்டங்களை அப்பா சமையலறையில் ரேடியோவில் கேட்டுக்கொண்டார். முன்பு டிவியைப் பார்த்துத் திட்டியதை இப்போது ரேடியோவைப் பார்த்துத் திட்டினார். எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். குழாய்த் தண்ணீரில் உள்ள கிருமிகளைத் தட்டில் வளர்த்து, மறுநாள் எத்தனை புள்ளி முளைத்திருக்கிறது என்று எண்ணுவது என் வேலை. பெரும்பாலும் பூஜ்யம். மார்ச்சிலிருந்து சாப்பாட்டில் சுவை தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தெரிந்தது. உப்பு உப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போனேன். பக்கத்து வீட்டு நோரீன் ஆன்ட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்பது வருடமாக லைசென்ஸ் இல்லாமல் இருப்பவர். நேரலையே பார்ப்பதில்லை. நன்கொடைப் பொருள் விற்கும் தர்மக் கடைகளில் வாங்கிய பழைய டிஸ்க்குகளும் இணையத் தொடர்களும் போதும் அவருக்கு.

"ஓ, மூணாவதா? எனக்கு இதுவரைக்கும் எத்தனை வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. முதல் வருஷம் பயந்தேன். ரெண்டாம் வருஷம் கிழிச்சேன். இப்போ கிளிக்கூண்டுக்கு அடியில விரிக்கறேன். அவன் என்னைவிட நல்லாப் படிக்கறான்."

"ஆள் நேர்ல வந்தா என்ன ஆன்ட்டி பண்றது?"

"உள்ள விடணும்னு சட்டமில்லடி. வாசல்லயே 'வேண்டாம், நன்றி'ன்னு சொல்லிக் கதவைச் சாத்து."

"அப்பா விட்டுடுவார்."

"அதுவும் சரிதான். உங்கப்பன் டெரெக், திருடன் வந்தாலும் டீக்கு எத்தனை சக்கரைன்னு கேப்பானே." துணிக் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "அப்படின்னா ஒன்னு பண்ணு. சானல் லிஸ்ட் இன்னும் இருக்கா?"

"இருக்கு. கேபிளைத்தான் கழட்டியிருக்கேன்."

"கழட்டினதை மாட்ட எவ்வளவு நேரமாகும்? அவன் அதைத்தான் கேப்பான். சானலையெல்லாம் அழிச்சுடு. டிவியைப் போட்டா ஒன்னுமே வரக் கூடாது. என்னோடது அப்படித்தான் இருக்கு. யார் வேணா வந்து பாத்துக்கட்டும்."

நோரீன் ஆன்ட்டியிடம் இருந்தது வெறும் டிவி. பதிவுப் பெட்டி இல்லை. அதை நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போன பிறகு செய்தேன். முதலில் டிவி. சானல்களை அழிக்க ஒரு வழி இருந்தது, அழித்தேன். பிறகு பெட்டி. அதன் சானல்களை மட்டும் அழிக்கும் வழி எங்கே என்று தெரியவில்லை. பட்டியலின் கடைசியில், வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்புவது என்று ஒன்று இருந்தது. தேர்ந்தெடுத்தேன். இரகசிய எண் கேட்டது. நான்கு பூஜ்யம். பிறகு ஒரு வாக்கியம் வந்தது. எல்லா அமைப்புகளும் எல்லாப் பதிவுகளும் நீக்கப்படும், தொடரலாமா?

படித்தேன். படித்தது நினைவிருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் எந்தக் குறிப்பையும் இரண்டு முறை படிப்பது வழக்கம், அதனால் இரண்டு முறை படித்தேன். தொடரலாம் என்று அழுத்தினேன்.

ஒரு நிமிடம் திரை கறுப்பாக இருந்தது. பிறகு பெட்டி எங்களை வரவேற்றது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. ஆங்கிலம் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் பதிவுகள் இருந்த பக்கத்தைத் திறந்தேன். பதிவுகள் இல்லை, நூறு சதவீதம் இடம் காலி என்று இருந்தது.

தயாரித்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். மீட்க முடியாது என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பிறகு மடிக்கணினியில் தேடினேன். 'முதல் பரிசை' ஒளிபரப்பிய சானல் தன் பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருந்தது. விளம்பரங்கள் வரும். லைசென்ஸ் தேவையில்லை, பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் தளத்துக்குத்தான் தேவை. இதையும் மூன்று முறை படித்தேன். முப்பத்துநான்கும் இருந்தன. இன்னும் நிறையவும் இருந்தன. ஆனால் எல்லாப் பட்டையும் சாம்பல். யாரும் பார்க்காதவை.

அப்பா மூன்று மணிக்கு வந்தார். தூங்கி எழுந்தார். போய் மீனும் சிப்ஸும் வாங்கிவந்தார். நான் தட்டில் எடுத்து வைத்தேன், வினிகர் ஊற்றினேன். மதியம் முழுவதும் சொல்லவில்லை. ஆறரைக்கு அவர் ரிமோட்டை எடுத்தார்.

"அப்பா, போடாதீங்க."

"ஏன்?"

"எல்லாம் போயிடுச்சு. நான் அழிச்சுட்டேன்."

"எல்லாமா?"

"எல்லாம். தெரியாமப் பண்ணல. அழிஞ்சுடும்னு போட்டிருந்துச்சு. படிச்சுட்டுதான் அமுக்கினேன்."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். சோபாவின் கைப்பிடியில், வழக்கமாக அது இருக்கும் இடத்தில் வைத்தார்.

"பதினொண்ணு இருந்துச்சு."

"ஆமா."

"லைசென்ஸ்காரனுக்காகவா?"

"ஆமா."

"வந்தானா?"

"இல்ல."

ஒரு சிப்ஸைத் தின்றார். "வந்திருந்தா ஒரு டீயாவது குடுத்திருக்கலாம்."

நான் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். நிகழ்ச்சிகள் இங்கே இருக்கின்றன, அவள் நிறுத்திய இடங்கள் மட்டும் இல்லை என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இதை நாம பாக்கலாமா? ஒன்னும் தப்பில்லையே?"

"பாக்கலாம். இது நேரலை இல்ல."

விரலால் மெதுவாகப் பட்டியலில் இறங்கினார். ஒன்றில் நின்றார். ஆல்டர்பி என்ற கிராமம். வெங்காயம்.

"இன்னிக்கு இதுதான் பாத்திருக்கணும். இதுல எங்க நிறுத்தினா?"

"தெரியாதுப்பா."

"நீதானே கண்ணு, கூட உக்காந்திருந்தே? தினமும்?"

இருந்தேன். அந்த ஏழு வாரங்களும் அதே சோபாவில், அவள் காலைத் தொடும் தூரத்தில் இருந்தேன். அந்த வெங்காயத்தைப் பாரேன் கிர்ஸ்டி என்பாள். ம் என்பேன். வீட்டில் சத்தம் நின்றால் அவள் தூங்கிவிட்டாள் என்று தெரியும், அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பேன். நான் அவளோடு உட்கார்ந்து நிகழ்ச்சி பார்த்ததாக அடக்கத்தன்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

"நான் போன் பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

"அன்னிக்கா?"

"எல்லா நாளும். ஒன்னுகூடப் பாக்கலப்பா. அவ எங்க தூங்கினான்னு எனக்குத் தெரியாது. எதுலயுமே தெரியாது."

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அவதான் சொன்னா. 'உம்பொண்ணு பக்கத்துல உக்காந்துகிட்டே அமெரிக்காவுல இருக்கா'ன்னா. 'ஆனா எழுந்து மட்டும் போகமாட்டேங்கறா'ன்னா."

எனக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. மீனின் மாவு எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள்.

"தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க?"

"இந்த ஒன்னை மட்டுமாவது பாத்திருப்பியோன்னுதான்."

 நான் மடிக்கணினியை மூடப் போனேன். அவர் கையால் தடுத்தார்.

"போடு."

"எங்கேர்ந்து?"

"முதல்லேர்ந்துதான். வேற எங்கேர்ந்து போடுவே? நான் ஒன்னுலயும் ஆரம்பத்தைப் பாத்ததில்ல."

போட்டேன். மடிக்கணினியைக் காபி மேசையில் வைத்து, அது சரியாகத் தெரிய அடியில் டெலிபோன் புத்தகத்தைக் கொடுத்தேன். முதலில் ஒரு சோபா விளம்பரம். பிறகு பித்தளை வாத்தியக் குழு. மழை. ஆல்டர்பியில் நான்கு பேர் போட்டியில் இருந்தார்கள். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுப்பவர். சகோதரர்கள் இருவர், ஒரே தோட்டத்தில் தனித்தனியாக விதைத்து ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள்.  நான்காவது ஆள், வீட்டுச் செருப்போடு தோட்டத்தில் நடக்கும் ஒரு பெண்மணி.

"அட, இவங்கள்லாம் முதல்லயே வந்துடறாங்களா?" என்றார் அப்பா. "கடைசியில வெறும் தட்டைத்தான் காட்டுவான். யாரு எவன்னே தெரியாது எனக்கு."

இருபதாவது நிமிடம் வந்தது. நான் நேரத்தைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். அந்தப் பெண்மணி ஒரு வெங்காயத்தைச் சமையலறைத் தராசில் வைத்து, முள்ளைப் பார்க்காமலேயே எடுத்துவிட்டார். எடை தெரிந்தால் தூக்கம் போய்விடும் என்றார். அம்மா நிறுத்தியது இங்கேயாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம். இருபத்தைந்தாவது நிமிடம் போனது. அப்பா குளிர்ந்த சிப்ஸை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார். விளம்பரம் வந்தபோது எழுந்து போகவில்லை.

கடைசியில் நடுவர் வந்தார். வெள்ளைக் கோட்டு. வெங்காயங்களைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தினார். சிவப்பு அட்டையைத் தபால்காரரின் தட்டருகே வைத்தார்.

"தப்பு" என்றார் அப்பா.

இருபத்துமூன்று நிகழ்ச்சிகளில் ஒருமுறைகூட அவர் நடுவரைக் குறை சொன்னதில்லை.

"சுத்தத் தப்பு. அந்தச் செருப்புக்காரம்மாவுக்குத்தான் குடுத்திருக்கணும். இவனுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"அவங்களோடதுல ஒன்னு கோணலா இருந்துச்சுப்பா."

"எது?"

"இடதுகைப் பக்கம், கடைசி. கழுத்து ஒருபக்கமா சாஞ்சிருந்துச்சு. கேமரா ரெண்டு தடவை காட்டுச்சு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ பாத்துட்டா இருந்தே?"

"முழுசாப் பாத்தேன்" என்றேன்.