கூட நிற்பவள்

"நான் ஒரு நட்டை விட்டா லிஃப்ட் விழும். அப்பா ஒரு வரியை விட்டா என்ன விழப்போகுது?"

என் கணவர் சோப்புத் தூளைப் போட்டுக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்தபடியே கேட்டார். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. எதைச் சொன்னாலும் அது விழுமா, நிற்குமா என்றுதான் பார்ப்பார்.

"ஒரு வரி இல்லீங்க. மூணு வாரம், மூணு வரி."

"மறந்திருப்பார். எண்பத்தோரு வயசு."

"எழுநூறு வார்த்தை ஒண்ணு பிசகாம வருது. அது மட்டும் எப்படிங்க மறக்கும்?"

"மெதுவா பேசு. அப்பாவுக்குக் கண்ணுதான் சரியில்ல. காது பாம்புக் காது."

பக்கத்து அறையில் மாமாவின் நாற்காலி கிரீச்சிட்டது. கணவர் குழாயைத் திறந்துவிட்டார்.

மாமா எங்கள் சபையின் தலைவர். வாசிப்பவரும் அவரே. பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையிலிருந்த காலத்திலேயே மேடையேறியவர். முப்பத்தொரு வருடமாக வாரந்தோறும் கையால் எழுதிய வேதச் சுருளை விரித்து வாசிக்கிறார். அந்தச் சுருளில் காற்புள்ளியும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. அதனால் எங்கள் வழக்கத்தில் வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். அச்சிட்ட பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனால் அங்கேயே சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் திரும்பிப் போய் அதை வாசித்த பிறகுதான் மேலே நகரலாம். கூட நிற்பவர் பேசவில்லையென்றால், வாசித்தது சரி என்று சபை எடுத்துக்கொள்ளும்.

ஆறு வருடமாகக் கூட நிற்பவள் நான்.

அதற்கும் காரணம் உண்டு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை அச்சடிக்கிற இடத்தில் நான் பிழை திருத்துகிறேன். ஒருத்தி மூலத்தைச் சத்தமாக வாசிப்பாள். நான் அச்சுப்படியில் விரலை ஓட்டுவேன். கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்ற வரியில் 'கூடாது' காணாமல் போயிருந்ததை ஒருமுறை பிடித்தேன். மேலாளர் அன்று தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாமா என்னை மேடைக்கு அழைத்தபோது, "மருமக மாமனாரைத் திருத்துவாளா?" என்று செயலாளர் கேட்டார். மண்டபத்துச் சாவிக்கொத்து எந்நேரமும் அவர் இடுப்பில் குலுங்குவதால் அவருக்குச் சாவி என்றே பெயர்.

"வீட்டுல தினம் திருத்துறா. இங்கேயும் வந்து திருத்தட்டும், எனக்குப் பழகிப்போச்சு," என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூட வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு, சுருள் ஒரு பத்தி தள்ளி விரிந்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. மாமா அதன்மேல் குனிந்து, கண்ணை இடமும் வலமும் ஓட்டி, வாசிக்க வேண்டிய பத்தியைத் தடங்கலில்லாமல் சொன்னார். அவர் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை. அத்தனையும் மனப்பாடம். எவ்வளவு நாளாக என்று நினைக்கும்போதே என் விரல் நின்றுவிட்டது. ஒரு வரியை அவர் தாண்டிப் போயிருந்தார்.

வேதத்தில் மோசேயின் கதை முடிவை நெருங்கும் வாரங்கள் அவை. நாற்பது வருடம் ஜனங்களை வனாந்தரத்தில் நடத்தி வந்தவரிடம், அந்த நல்ல நாட்டுக்குள் நீ போகப்போவதில்லை, யோசுவாதான் கூட்டிப் போவான் என்று கடவுள் சொல்கிறார். ஓரிடத்தில் சொல்லி விடவில்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த வாரம் வந்த இடத்தை மாமா விட்டார். அடுத்த வாரம் வேறு அதிகாரம். அங்கேயும் அந்த வரியை மட்டும் விட்டார். மூன்றாவது வாரமும் அப்படியே.

மூன்று முறையும் நான் பேசவில்லை. விட்ட வரியின்மேல் விரலை ஓட்டி, அவரை எட்டிப் பிடித்தேன்.

அதன் பிறகு எதிலும் மனம் தங்கவில்லை. சரியாக இருக்கும் தாளை நான்கு முறை பார்த்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க இரண்டு மாடி திரும்ப ஏறினேன்.

வாசிப்புக்கு முதல் நாள் மதியம், அச்சகத்து வாசலில் சாவிச் சத்தம் கேட்டது.

"என்னம்மா, வேலை எப்படிப் போகுது?"

"போகுதுண்ணே. என்ன இந்தப் பக்கம்?"

"சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. உங்க மாமா வாசிக்கிறதுல மோசே ரொம்ப சௌக்கியமா இருக்காரே. யாரும் அவர்கிட்ட ஒண்ணும் சொல்ற மாதிரியே தெரியலயே."

கையிலிருந்த அச்சுப்படியை மடித்தேன்.

"நான் புத்தகம் பார்க்கிறவன் இல்ல. ஆனா அம்பது வருஷமா கேக்கிறவன். நாளைக்கு அந்த வரி வருதா இல்லையான்னு சபைக் குழுவே கேட்டுக்கிட்டிருக்கும். விட்டாருன்னா நீ சொல்லணும். நீ சொன்னா, மரியாதையா ஓய்வு கொடுத்து முன்வரிசையில நாற்காலி போட்டுடுவோம். அதுக்கப்புறம் நீதான் வாசிக்கணும்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு."

"நானா?"

"வேற யாரு? நீ சொல்லலேன்னா, ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் எறக்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதம்மா."

அவர் போன பிறகும் அந்தச் சாவிகள் காதிலேயே குலுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாமா வாசிக்கும்போது எத்தனையோ முறை என் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைந்திருக்கிறது. நாளை நான் வாயைத் திறந்தால், அது வேதத்துக்காகவா, அந்த மேடைக்காகவா? எனக்கே தெரியாதபோது மாமாவுக்கு எப்படித் தெரியும்?

மாலையில் வீட்டுக்கு வந்தேன். கணவர் இன்னும் திரும்பவில்லை. மாமா சாப்பாட்டு மேசையில் கைகளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"முற்றுப்புள்ளி வந்தாச்சா?" என்றார். வேலையைக் கிண்டல் செய்து அவர் எனக்கு வைத்த பெயர்.

"வந்துட்டேன் மாமா."

"புத்தகத்தை எடு. ஒரு தடவை பார்த்துடலாம்."

நாளைய பகுதிதான் கடைசி. மோசே மலைமேல் ஏறுகிறார். நாடு முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறது. மாமா ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார்; எதிர்ச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் அந்தச் சுவரில் பேரீச்ச மரங்கள் நிற்பதுபோல் இருந்தது அவர் முகம். கடவுள் பேசத் தொடங்குகிறார். இதுதான் உன் கண் காணும்படி நான் காட்டிய நாடு என்கிறார். என் விரல் அடுத்த வரியில் போய் நின்றது.

மாமாவும் நிறுத்தினார்.

"நிக்கிறியா அங்க?"

"நிக்கிறேன் மாமா."

"மூணு வாரமா நிக்கிற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ விரலை வேகமா இழுத்தா தாள் சத்தம் போடுது."

"ஏன் மாமா?"

"மொத தடவை வாய் வரலம்மா, அவ்வளவுதான். ரெண்டாவது தடவை வந்துச்சு. நான்தான் வெளிய விடல."

"இதை விட்டாலும் அடுத்த வரியில அவர் செத்துப்போறாரே மாமா. போய்ச் சேரப்போறதில்லையே."

"சாகட்டும். எல்லாரும் சாகத்தான் போறோம். சொல்லாம விட்டா, நாளைக்குக் காலையில எறங்கிப் போயிடலாம்னு நெனச்சுக்கிட்டே கண்ணை மூடுவாரு." மேசையின் விளிம்பைத் தடவினார். "முப்பத்தொரு வருஷமா அவர்கிட்ட இதைச் சொல்ற வாய் என்னோடது. நாப்பது வருஷம் நடந்த மனுஷன்கிட்ட."

"அது வேதம் மாமா. நாம எழுதினதில்ல."

"இல்ல. அதனாலதான் உன்னைப் பக்கத்துல நிறுத்தினேன். நீ திருத்துவேன்னு தெரிஞ்சுதான் நிறுத்தினேன்."

சாவி வந்துபோனதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருக்கு அது முன்பே தெரியுமோ என்று பட்டது. மூடிக்கொண்டேன். மலைமேல் நிற்பவரிடம் அந்த வரியைச் சொல்ல வேண்டிய வாய் இப்போது என்னுடையதாகிவிட்டது.

கீழே லிஃப்ட் கதவு திறந்து மூடும் ஓசை. கணவராக இருக்கலாம். மாமா மேசைமேல் தடவித் தடவி வந்து, புத்தகத்தைத் தொட்டு, வரியின்மேல் இருந்த என் விரலைக் கண்டுபிடித்தார். அதன்மேல் தன் விரலை வைத்தார்.

"எனக்காகக் கேக்கல. நாளைக்கு இந்த எடம் வரும்போது நீ பேசாம நில்லும்மா. ஒரே ஒரு தடவை."