அணைத்து அணைத்து ஓட்டிய கார்

வேலை முடிந்து கை கழுவப் போகும்போதுதான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வண்டி மக்கர் பண்ணும். அன்றைக்கும் அப்படித்தான். காலையிலிருந்து குனிந்து குனிந்து எனக்கு உயிரே போயிருந்தது. அப்பாடா என்று உட்காரும் நேரத்தில் தங்கையின் வாடகைக் கார் குலுங்கிக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து நின்றது. பின்சீட்டில் மாப்பிள்ளை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனவர். எழுந்து நிற்கவே அவருக்கு ஆள் வேண்டும். அவள் கார் ஓட்டித்தான் வீடு நடக்கிறது.

"இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரேண்ணே. மேட்டுல ஏறவே மாட்டேங்குது. சட்டுனு பாத்துக் குடு, காலையில சவாரி இருக்கு."

"ஆமா, நான் மந்திரவாதி பாரு. ஊதினா சரியாயிடும்."

ஸ்கேனரைச் செருகினேன். மூன்றாவது சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று எரர் கோடு வந்தது. பொறி கொடுக்கும் காயிலைச் சந்தேகப்பட்டு, அதைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி ஓடவிட்டேன். கோளாறும் கூடவே முதல் சிலிண்டருக்குப் போயிற்று. காயில்தான்! பத்து நிமிஷ வேலை. புதுசு போட்டதும் குலுக்கல் நின்றது.

ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டிக்கு இழுவையே இல்லை. கீழே படுத்துப் பார்த்தேன். சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா வெந்து நிறம் மாறியிருந்தது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ப் போய் எரிந்து, உள்ளே எல்லாம் உருகி நொறுங்கி அடைத்துவிட்டது. ஒருநாள் இரண்டுநாளில் இப்படி ஆகாது. அத்தனை நாளும் டேஷ்போர்டில் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்திருக்க வேண்டுமே!

எரர் கோடை ஸ்கேனரில் அழித்தால் அந்த விளக்கும் அணைந்துவிடும். அழித்தபிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் ஸ்கேனர் காட்டும். நான் இன்னும் எதையும் அழிக்கவில்லை. அது காட்டிய தூரமோ, ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வரும் தூரம்கூட இல்லை. யாரோ விளக்கை அணைத்து அணைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்கப் படுத்தபடி ஃபோனில் கண்டதையும் வாங்குகிறவர் மாப்பிள்ளைதான்.

"என்ன மாப்ள, ஏதாவது கருவி வாங்கி விளக்க அணைச்சிட்டே இருந்தீங்களா? அணைச்சா கோளாறு போயிடுமா? வண்டியையே கொன்னுட்டீங்களே!"

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "ஆமா மச்சான். நான்தான்."

முதுகு வளையாத மனுஷர் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து எப்படிக் கருவியை மாட்டியிருப்பார்? எனக்கு அது உறைப்பதற்குள் தங்கை குறுக்கே வந்தாள்.

"அவர ஏன் திட்டற? நான்தான் அணைச்சேன். விளக்கு எரிஞ்சா உங்கிட்ட வரணும். வந்தா, வண்டிய விட்டுட்டுப் போன்னு சொல்லுவ. நான் வீட்டுல கெடக்கணும்." குரல் உடைந்தது. "என்னால அந்த வீட்டுக்குள்ள இருக்க முடியலண்ணே. வண்டியில ஏறினாத்தான் மூச்சே விடறேன்."

கார்க் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. அவருக்கும் எல்லாம் கேட்டிருக்கும். பாவமாக இருந்தது, இரண்டு பேரையும் பார்த்து.

"எத்தன நாளாகும்?" என்றாள்.

"டப்பா புதுசு வரணும். உடைஞ்ச தூள் என்ஜினுக்குள்ள போயிருந்தா அதையும் பிரிக்கணும். வாரக்கணக்கா ஆகும்மா."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உங்க வண்டியில என்னைக் கொண்டுபோய் வீட்ல விட்டுடுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"நீ வேணாம். இங்கயே இரு, இல்ல எங்கயாவது போயிட்டு வா. மெதுவா வந்தாப் போதும்" என்றார் மாப்பிள்ளை.

"ஐயோ, உங்களுக்கு பாத்ரூம் போகணும்னா?"

"மச்சான் இருக்காரு. நாளைக்கும் வருவாரு." என்னை யாரும் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன்.

கதவைத் திறந்து அவர் அக்குளில் கை கொடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தார்.

தங்கை மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எடது கால மொதல்ல எடுத்து வைண்ணே, இல்லன்னா அவருக்கு வலிக்கும்" என்று அங்கிருந்தே சொன்னாள். எழுந்து வரவில்லை.