வாசலில் விழுந்த கிலோமீட்டர்கள்

சாந்தம்மாவின் மின்சாரக் கார் இழந்த தூரமெல்லாம் அவள் வீட்டு வாசற்படிக்கும் இரும்புக் கேட்டுக்கும் நடுவில் வந்து விழுந்தது. கார் வாங்கியபோது பத்து எட்டில் கடந்த முற்றம், மூன்றாம் வருஷம் எட்டு கிலோமீட்டர் ஆகியிருந்தது. வெளியே நின்று டேப் பிடித்தால் பழைய அளவுதான் காட்டும். கேட்டுக்குள் கால் வைத்தவர்களுக்குத்தான் தெரியும். ராயக்கோட்டையில் இதை முதலில் அறிந்தவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். பாதி வழியில் சிலிண்டரை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு மனைத் தரகர்கள் வந்தார்கள். பத்திரத்தில் இல்லாத நிலத்தை விற்க முடியாது என்று தெரிந்ததும் மோர் குடித்துவிட்டு, திரும்பி நடக்கத் தெம்பு சேர்த்துக்கொண்டு கிளம்பினார்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார் அது. முழு சார்ஜில் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடியது. ஓசூரில் அவள் வேலை பார்க்கும் ஃபாக்டரிக்குப் போய்வர அறுபத்தெட்டு. அதே லைனில் வேலை செய்யும் மூன்று பெண்களைக் கேட்டில் ஏற்றிக்கொள்வாள். அவர்கள் தரும் பங்கில்தான் அவளால் காரை வைத்திருக்க முடிந்தது. கார் இருந்ததால்தான் வேலையை வைத்திருக்க முடிந்தது.

கணவன் முனிராஜ் கரண்ட் கட் காலத்தில் வளர்ந்தவர். போனோ இன்வெர்ட்டரோ, கரண்ட் இருக்கும்போதே நிரப்பிவிட வேண்டும் அவருக்கு. கார் வந்து நின்ற சூட்டோடு வயரைச் செருகுவார். ஓடாத ஞாயிற்றுக்கிழமையும் நூறு இருக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முதல் நாளே நூறு ஏற்றி, தகரக் கொட்டகையில் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தினால், விடுமுறை முடியும் வரை தொட மாட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜை முடிந்த காலையிலும் முற்றம் ஒரு கிலோமீட்டராவது கூடியிருந்தது.

போன ஆவணியில் கார் முதன்முறையாக நின்றது. ரோட்டில் அல்ல, வீட்டு முற்றத்தில், சமையலறை விளக்கு தெரிகிற தூரத்தில். பேட்டரியில் எட்டு கிலோமீட்டர் குறைந்திருந்தது. அந்த எட்டையே போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் கார் கடக்க வேண்டியிருந்தது. எண்பத்து நாலு வேண்டிய இடத்தில் எண்பத்திரண்டுதான் இருந்தது. தெருவில் நிறுத்தலாமென்றால் அது தக்காளி லாரிகள் போகும் சந்து. சாந்தம்மா இறங்கித் தள்ளினாள். முனிராஜ் எதிரே வந்து சேர்வதற்குள் பாதி தள்ளியிருந்தாள்.

மறுநாள் விஷயம் கேட்ட சுக்ரா, கூட வரும் மூவரில் ஒருத்தி, காரில் ஏறும்போதே சொல்லிவிட்டாள். "முற்றத்துல நின்னா உங்க பாடுக்கா. வழியில சானமாவு காட்டுல நின்னா யானைக்கு யாரு பதில் சொல்றது? ஒரு தடவ நின்னாலும் நாங்க டெம்போவுக்குப் போயிருவோம். கோச்சுக்காதீங்க."

பேட்டரி பார்க்கும் அஜாஸ், காரைவிடக் கொட்டகையைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

"வயிறு முட்டச் சோறு போட்டு தகரத்துக்கு அடியில படுக்க வெச்சிருக்கீங்கக்கா. அது எத்தன நாளைக்குப் பொறுக்கும்?"

"போனது திரும்ப வருமா?"

"வராது. இனிமே போறதக் கொறைக்கலாம்."

அன்றிலிருந்து வயர் சாந்தம்மாவின் கைக்கு வந்தது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, காரின் சூடு ஆறிய பிறகே செருகினாள். காலையில் கிளம்பும் நேரத்துக்குத்தான் நூறைத் தொட வேண்டும் என்று டைமர் வைத்தாள். லீவு நாளில் பாதியோடு விட்டாள். தகரத்தைப் பிரித்துத் தென்னங்கீற்று வேய்ந்தாள். ஏசியை அணைத்து, மெதுவாக ஓட்டி, பற்றாத இரண்டு கிலோமீட்டரை ரோட்டிலேயே மிச்சம் பிடித்தாள். நான்கு பெண்களும் வியர்த்துக் கொட்ட, நேரத்துக்குப் பஞ்ச் அடித்தார்கள். முற்றம் அசையாமல் கிடந்தது.

ஆயுத பூஜை வந்தது. முனிராஜ் வயரோடு நின்றார்.

"பாதி வயித்தோடவா சாமி முன்னாடி நிறுத்துவ? வருசம் பூரா பஞ்சம் புடிக்கும்."

சாந்தம்மா தேங்காயை எடுத்து உடைத்தாள். "இத முழுசாவா வெக்கறோம்? ரெண்டா ஒடச்சுத்தானே வெக்கறோம். சாமி என்னிக்காவது கொற சொல்லுச்சா?"

முனிராஜ் தேங்காய் மூடிகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். வயரைச் சுருட்டினார்.

"சூடத்தையாச்சும் முழுசா ஏத்தலாமா?"

"அத ஏத்துங்க."

விடுமுறை முடிந்த காலையில் காரின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே முற்றத்தைக் கடந்தாள். எட்டு. கூடவில்லை, குறையவும் இல்லை. கேட்டில் சுக்ராவும் மற்ற இருவரும் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்கள். டெம்போ அவர்களைத் தாண்டிப் போனது.

சிலிண்டர்காரர் இப்போது நாலாவது கிலோமீட்டரில் இறக்கி வைக்கிறார். முனிராஜ் மொபெட்டில் போய் எடுத்து வருகிறார். அங்கே நிழலுக்கு ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறார்கள். விருந்தாளிகள் கேட்டுக்கு வந்துவிட்டதாகப் போன் செய்தால் சாந்தம்மா அரிசியைக் களைகிறாள். அவர்கள் வாசற்படி ஏறும்போது சோறு வடித்து, குழம்பும் தயாராக இருக்கிறது.