ஞானப்பூ டீச்சரின் காணிக்கைச் சேவல்

உறையூரில் தறிக்காரர் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வெயில் ஏறுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகளில் ரகசியத்தை வைக்க இடம் ஏது? ஆனாலும் ராஜாவின் ஜூபிலி வருஷத்துக்கு முந்தின வருஷம் முழுக்க ஒரு சங்கதி ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அந்த ஆள் ஞானப்பூ டீச்சர். சங்கதி, அவள் வளர்த்த சேவலைப் பற்றினது.

ஞானப்பூ மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையலும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்தாள். புருஷன் வேதமாணிக்கம் பொன்மலை ரெயில்வே ஆபீஸில் கிளார்க். அதிகம் பேசாத மனுஷன் என்று அவருக்குப் பெயர். வீட்டில் டீச்சர் அதற்கு வாய்ப்பு வைக்கவில்லை என்பதுதான் சரியான சேதி. டீச்சருக்கு ஆண்டவர் மேல் இருந்த பக்தியில் குறை சொல்ல முடியாது. அதைத் தனக்குள் வைத்துக்கொள்ள மட்டும் அவளுக்குத் தெரியாது. பால்காரன் செம்பை இறக்குவதற்குள் அவனுக்கு நரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எதிர்வீட்டு வாசலில் மெஷின் போட்டுத் தைக்கும் ஜெகபர் அலிக்கு வாரம் ஒரு துண்டுப்பிரசுரம். பக்கத்து வீட்டு ராசாத்திக்குத் தினமும் ஒன்று, குட்டைச் சுவருக்கு மேலாக.

ராசாத்தியின் புருஷன் ரங்கூனுக்குப் போனவன், போனவன்தான். அவள் கூழ் வடகம் போட்டு, தெப்பக்குளத்துப் பக்கம் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். எழுத்து வாசனை கிடையாது. டீச்சரம்மா கொடுத்த தாளைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வாள், பத்திரமாய் அடுக்கி வைப்பாள், சில்லறையாக வாங்க வருகிறவர்களுக்கு அதில்தான் வடகத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அந்த வகையில் டீச்சரின் ஊழியம் ஊர் பூராவும் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவு பாடுபட்டும், மாசி மாதம் சபையில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்கு அவளால் ஒரு ஆளைக்கூடக் கூட்டிப் போக முடிந்ததில்லை. பண்டிகைக்கு அவரவர் விளைந்ததையோ வளர்த்ததையோ காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்து அதையெல்லாம் ஏலம் போட்டு, பிறகு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தில் ஒருத்தரையாவது அழைத்து வரவேண்டும் என்பது போதகரின் ஏற்பாடு. போதகர் மனைவி வருஷா வருஷம் வாசலில் நின்று, “இந்தத் தடவையும் நீங்க ரெண்டு பேருதானா?” என்று சிரித்தபடி கேட்பாள். அந்தச் சிரிப்பு டீச்சருக்கு முள்.

இந்த வருஷம், ஆள் கிடைக்காவிட்டாலும், அவளிடம் ஒரு பதில் இருந்தது. முந்தின வருஷம் கோழிச்சீக்கு வந்து குஞ்செல்லாம் செத்து ஒன்று மட்டும் தலை தொங்கிக் கிடந்தபோது, கூடைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, பிழைத்தால் இது உமக்கு என்று பொருத்தனை பண்ணியிருந்தாள். குஞ்சு பிழைத்தது. அன்று முதல் அது காணிக்கைச் சேவல். யாரும் அதைச் சூ என்று விரட்டக் கூடாது என்று சந்து முழுக்கச் சொல்லி வைத்தாள். காலையில் ஒரு பிடி கம்பு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சேவல் காலையில் இருந்ததைவிடப் பெருத்திருக்கும். கொண்டை செக்கச் சிவந்து, நடை ஜமீன்தார் நடையாகிவிட்டது. 

மாதர் சங்கத்தில் எழுந்து சாட்சி சொன்னாள். “நான் போடறது ஒரு பிடி கம்பு. மிச்சத்தை ஆண்டவர் போடறார்.” பெண்கள் ஆமென் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்தில் கோபு வக்கீல் வீட்டுப் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுக்கப் போவாள்; அங்கேயும் சொன்னாள். வக்கீல் மனைவி குமுதவல்லி, அந்த வீட்டில் சேவல் என்ற பேச்சே எடுத்ததில்லையாதலால், “எல்லாம் பெருமாள் கிருபை” என்று பொதுவாகச் சொல்லி, நூல்கண்டைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். கடைசியில் போதகரே, பண்டிகையன்று ஏலத்துக்கு முன்னால் டீச்சர் சபை முன்பு இந்தச் சாட்சியைச் சொல்லட்டும், ஏலத்தில் அந்தச் சேவலே முதலில் போகட்டும் என்று தீர்மானித்தார். டீச்சர் அன்றைக்கே பேச்சைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

பண்டிகைக்கு முந்தின புதன்கிழமை அவளுக்குப் பல்வலி. தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு உச்சிவெயிலுக்கு முன்பே வீடு திரும்பினாள். கதவைத் திறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ராசாத்தியின் குரல் கேட்டது, யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற குரல். எட்டிப் பார்த்தாள். முற்றம் முழுக்க வேட்டித் துணி விரித்து வடகம் காய்கிறது. ஓரமாக ஒரு பூவரச இலை. இலையில் உடைத்துப் போட்ட வடகம். எதிரே அவளுடைய சேவல் சம்பந்திக்குரிய தோரணையோடு நின்று கொத்திக்கொண்டிருந்தது. 

பல்வலி போன இடம் தெரியவில்லை. என்ன இது என்று கேட்டாள். ராசாத்தி, இது ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தாள்.

“நேர்ந்துவிட்டதை விரட்டலாமா டீச்சரம்மா? எங்க ஊருல கோயில் மாடு வந்து நெல்லுல வாய் வச்சாக்கூட ஒதுங்கித்தான் நிப்போம். முதல்ல துணி மேலேயே ஏறி மிதிச்சுது. அப்புறம்தான் தெனம் ஒரு பங்கு தனியா வச்சேன், அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போவுது. எந்தச் சாமிக்கு விட்டா என்ன, பங்கு பங்குதானே?”

வருஷம் முழுக்கவா என்று டீச்சர் கேட்டாள். மழைநாளில் வடகம் போடுவதில்லை, அப்போது மட்டும் குருணை வைத்தேன் என்று ராசாத்தி கொஞ்சம் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டாள்.

எதிர்வாசலில் ஜெகபர் அலியின் மெஷின் நின்றிருந்தது. அவர் ஊசியில் நூல் கோர்ப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்.

சாயங்காலம் வேதமாணிக்கம் வந்ததும் வராததுமாக, “உங்களுக்கு இது தெரியுமா?” என்று பிடித்துக்கொண்டாள்.

“தெரியும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். “நீ சாட்சி சொல்லிக்கிட்டிருந்தே. நடுவுல எப்படிப் பேசறது?”

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் சுவர்ப்பக்கம் போகவில்லை. சந்துக்கே காது அடைத்தது போல இருந்தது. ராசாத்தி நடுவில் ஒருதரம் எட்டிப் பார்த்து, உடம்புக்கு முடியலையா என்று கேட்டுவிட்டுப் போனாள். அரிசியாகக் கொடுத்து நேர் செய்துவிடலாம் என்று டீச்சர் ஒரு முறம் நிறைய அளந்து வாசல் வழியாக எடுத்துப் போனாள். சாமிக்குப் போட்டதுக்குக் கூலி வாங்குவேனா என்று ராசாத்தி முறத்தைத் தொடக்கூட இல்லை. சாட்சியில் நாலு வார்த்தையை மாற்றிச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தாள். எந்த நாலு வார்த்தையை மாற்றினாலும் மீதி விழுந்துவிட்டது. சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் லேஸில் கண்ணி தப்பி, அதைக் குமுதவல்லியே கண்டுபிடித்துச் சொல்லும்படி ஆயிற்று. 

காவிரிப் பாலத்தில் திரும்பி வரும்போது அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பொருத்தனை பண்ணினது தான். காணிக்கை கொடுத்தது ராசாத்தி. தினம் ஒரு பங்கு. சிலைக்குப் படைக்கிறாயே, உனக்குக் கண் திறக்காதா என்று தான் பிரசுரம் நீட்டிக்கொண்டிருந்த அதே சுவரோரத்தில், அந்தக் கை தன் ஆண்டவருக்குப் பங்கு வைத்திருக்கிறது. அந்தச் சேவலைத் தன் பெயரில் கொண்டுபோய் நிறுத்துவதென்றால், அடுத்தவரிடம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் கோயிலுக்குள் நுழைகிற மாதிரி.

அன்று விளக்கேற்றும் நேரத்தில் சுவர்ப்பக்கம் போய், நாளைக்கு நீயே வந்து உன் கையால் சேவலைக் கொடு என்று கூப்பிட்டாள். ராசாத்தி ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அதைச் சேர்க்கிற இடத்தில் சேர்க்கும்வரை தனக்கும் பொறுப்பு உண்டு, போய்ப் பார்க்க ஆசைதான் என்றாள். ஆனால் கடைக்காரர் ஒரு கல்யாண வீட்டுக்குத் திங்கட்கிழமையே கேட்டிருக்கிறார், அரிசி ஊறப்போட்டாயிற்று, காயப்போட்டுவிட்டுத் துணியை விட்டு நகர முடியாது. ஜெகபர் அலி, தான் பார்த்துக்கொள்வதாகக் குரல் கொடுத்தார். நீங்க எண்ணெய்ச் சட்டியோட வந்து உக்காருவீங்க, வேண்டாம் அத்தா என்று ராசாத்தி மறுத்துவிட்டாள். வெயில் ஏறினதும் துணியை ஓரம் மாற்றிப் போட வேண்டும், அது ஆம்பளை கைக்கு வராது என்றாள்.

“நான் பாத்துக்கறேன்” என்றாள் ஞானப்பூ.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. சாட்சி, முதல் ஏலம், போதகர் மனைவிக்கு வைத்திருந்த பதில், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை டீச்சரம்மா. நீங்க ஊசிகூடத் தொட மாட்டீங்களே?”

“ஊசிதான் தொட மாட்டேன். காக்காய் விரட்டினா தப்பில்லை.”

மறுநாள் காலை சந்தே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. ராசாத்தி தன்னிடம் இருந்த ஒரே சுங்குடிச் சேலையைக் கட்டி, தலை நிறையக் கதம்பம் வைத்து, சேவலை இடுப்பில் பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் வேதமாணிக்கம் கோட்டுப் போட்டு, வேதபுத்தகத்தோடு. அந்த ஊர்வலத்தில் மிரளாமல் போனது சேவல் ஒன்றுதான்.

ஞானப்பூ பழஞ்சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் கம்போடு ராசாத்தி வீட்டு முற்றத்தில் நின்றாள். காக்கைகளுக்கு ஆள் மாறின சேதி உடனே போய்விட்டது போலிருக்கிறது. இந்தக் கோடியில் விரட்டினால் அந்தக் கோடியில் இறங்கின. ஜெகபர் அலி மெஷினை மிதித்துக்கொண்டே, “டீச்சரம்மா, இன்னிக்குக் காக்காய்களுக்கா பிரசங்கம்?” என்று விசாரித்தார். டீச்சரிடமிருந்து பதில் வராதது அந்தச் சந்தின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

கோயில் மணி கேட்டது. காற்று திரும்பினபோது பாட்டும் கொஞ்சம் கேட்டது. இப்போது காணிக்கை எடுப்பார்கள், இப்போது என்னைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று மனசு ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் என்று வைத்துக்கொண்டாள். துணியை ஓரம் பிடித்து மாற்றிப் போடப் போய் ஒரு வரிசை வடகம் ஒட்டி உடைந்தது. முதுகு விட்டுப்போயிற்று. இதைத் தினமும் செய்துவிட்டு, அதில் ஒரு பங்கை எடுத்து அடுத்த வீட்டுச் சேவலுக்கு வைப்பதென்றால் எப்படிப்பட்ட மனசு வேண்டும் என்று நினைத்தாள். கம்பை ஊன்றி நின்றபடியே ஜெபம் பண்ணினாள். ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று, என்றாள். வேறு வார்த்தை வரவில்லை. அதிசயமாக, மனசு லேசாயிற்று. அதற்கப்புறம் காக்கைகள்கூட அவ்வளவு தொந்தரவு செய்யவில்லை என்று அவள் பிற்பாடு சொன்னாள். ஜெகபர் அலி அதை ஒப்புக்கொள்வதில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ராசாத்தி வந்தாள், ஒரு கையில் தூக்குச்சட்டி நிறையச் சோறும் குழம்பும், வாய் நிறையச் சேதியுமாக. வேதமாணிக்கம் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்து சந்து பார்த்ததில்லை. சேவலை யார் பெயரில் எழுத என்று கேட்டார்களாம். டீச்சரம்மா நேர்ந்தாங்க, நான் தீனி வச்சேன், ரெண்டு பேரையும் சேர்த்து வாசிங்க என்று இவள் சொன்னாளாம். போதகர் அப்படியே வாசித்தாராம். டீச்சர் எங்கே என்று போதகர் மனைவி கேட்டதற்கு, எங்க வீட்டு வடகத்துக்குக் காவல் நிக்கிறாங்க என்று சபையே கேட்கும்படி பதில் சொன்னாளாம். ஏலத்தில் சேவல் என்ன தின்று வளர்ந்தது என்பதை இவளே எழுந்து விவரிக்க, பொன்மலை ஃபோர்மேன் ஒருத்தர் விடாப்பிடியாகக் கேட்டு எடுத்துப் போனாராம்.

ஞானப்பூ தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள். ராசாத்தி காய்ந்த துணியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“உங்க போதகரு ஒரு மிராசுதார் கதை சொன்னாரு. விளைஞ்சு கொட்டுதாம். இருக்கிற களஞ்சியத்தை இடிச்சுட்டுப் பெருசா கட்டணும்னு திட்டம் போடறான். அன்னிக்கு ராத்திரியே போய்ச் சேந்துட்டான். எனக்குத் தெப்பக்குளத்துக் கடைக்காரரு ஞாபகம் வந்துச்சு. அப்புறம், காக்காயைப் பாருங்க, அது விதைக்கறதும் இல்லை அறுக்கறதும் இல்லை, அதுக்கும் சாமி சோறு போடுதுன்னாரு. எனக்குச் சிரிப்பு தாங்கலை. டீச்சரம்மா அங்க கம்போட நிக்கிறாங்களேன்னு.”

ஞானப்பூவுக்கும் சிரிப்பு வந்து புரை ஏறிற்று.

“இந்தக் கதையெல்லாம் நீங்க ஏன் எனக்குச் சொன்னதே இல்லை?”

எத்தனை தாள் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தாள். ராசாத்தி விரலால் தடவித் தடவி வடகத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் எழுத்தைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“சொல்லத் தெரியலை ராசாத்தி.”

“இன்னும் இருக்கா?”

“நிறைய இருக்கு.”

“அப்ப கையைக் கழுவிட்டு அந்த ஓரத்தைப் பிடிங்க. உரிச்சுக்கிட்டே சொல்லுங்க. பிரசங்கம் வேண்டாம், கதை மட்டும்.”

ஞானப்பூ துணியின் ஓரத்தைப் பிடித்தாள். ஒரு பெண், மூன்று படி மாவில் கொஞ்சம் புளித்த மாவை வைத்துப் பிசைந்தாள், மொத்த மாவும் புளித்துப் பொங்கிற்று, என்று ஆரம்பித்தாள்.

“என்ன மாவு? அரிசியா, கேப்பையா?” என்றாள் ராசாத்தி.

இத்தனை வருஷம் வேதபாடம் நடத்தியும் இந்தக் கேள்வி டீச்சருக்குத் தோன்றினதில்லை. கோதுமையாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். கோதுமை அவ்வளவு சீக்கிரம் பொங்காதே, எத்தனை நாழிகை வைத்தாள் என்று அடுத்த கேள்வி வந்தது. எதிர்வாசலில் ஜெகபர் அலி மெஷினை நிறுத்திவிட்டு, கொஞ்சம் உரக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.